உரலைச் சுழலவிட்டவர்கள்

வடிவமைப்புப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் பெற்றோர், ஆசிரியர், தொழில்துறையினர் என எல்லாரும் சட்டென்று ஒப்புக்கொள்ளும் ஒரு கருத்து உண்டு. புதிய பொருளுக்கோ வண்டிக்கோ கருத்துரு தோன்றுவது பிறவியில் வாய்க்கும் வரம். அதைச் சொல்லித்தர இயலாது. குறுக்கே நிற்காமல் இருந்தாலே ஆசிரியர் தம் கடமையைச் செய்தவர் ஆவார் என்பது அது. இதிலிருந்து ஒரு பயிற்றுமுறையும் பிறந்திருக்கிறது. மாணவர் முதலில் தடையின்றிக் கனவு காணட்டும். மோட்டார் எங்கே உட்காரும், சக்கரம் எவ்வளவு திரும்பும், தகடு வளையுமா என்பதையெல்லாம் பின்னால் வருகிற எஞ்சினியர் பார்த்துக்கொள்வார் என்கிறது அந்த முறை. ஆகவே தொடக்க மாதங்கள் ஸ்கெட்ச், மார்க்கர், ரெண்டரிங் என்றே ஓடுகின்றன. போர்ட்ஃபோலியோவில் தாழ்ந்த கூரையும் பெரிய சக்கரங்களும் கொண்ட கார்கள் வரிசையாக நிற்கின்றன. டிரைவரின் தலை எங்கே இடிக்கும் என்பதைக் குறித்த படத்தை அவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தக் கருத்து தவறானது. தீங்கானதும்கூட. லேத்தில் நின்று பழகிய பாலிடெக்னிக் மாணவரை, கியர் பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் பிள்ளையை, உனக்குக் கற்பனை வராது என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது இந்தக் கருத்துதான். புதிய கருத்துருவுக்கு வேண்டிய மூலப்பொருளோ அவர்களிடம்தான் கூடுதலாக இருக்கிறது.

முதலில் கனவு, பிறகு பொறியியல் என்ற இந்தப் பிரிவினை இயற்கை விதி ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு பிறந்த தேதியும் ஊரும் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1927-இல் ஹார்லி எர்ல் என்பவரின் தலைமையில் கார்களின் தோற்றத்துக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. காரின் சட்டகமும் எஞ்சினும் ஒரு துறையின் பொறுப்பு, மேலே போர்த்தும் உடல் இன்னொரு துறையின் பொறுப்பு என்ற ஏற்பாடு அங்கே வேரூன்றியது. எர்லை நான் குறைத்துப் பேசவில்லை. முழு அளவுக் களிமண் மாதிரிகளில் காரைச் செதுக்கிப் பார்க்கும் வழக்கத்தைத் தொழிலுக்குள் நிலைநிறுத்தியவர் அவர். 1938-இல் அவர் உருவாக்கிய பியூக் வை-ஜாப், கான்செப்ட் கார் என்ற வகைக்கே முன்னோடி. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஆண்டுதோறும் புதிய தோற்றத்தைக் காட்டிப் பழைய காரை மாற்றவைப்பது வணிகத்தின் தேவையாக இருந்தது; அந்தத் தேவைக்கு அந்த முறை ஈடுகொடுத்தது. ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒரு விற்பனை உத்திக்காக எழுந்த அலுவலக ஏற்பாட்டைப் படைப்பாற்றலின் இலக்கணமாக எடுத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் கழித்து அகமதாபாத்திலும் சென்னையிலும் பாடமாக வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த ஏற்பாட்டின் எல்லை எது என்று பார்க்க, ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்ந்த இரண்டு இரவல்களை அருகருகே வைக்கலாம். எர்லின் குழு லாக்ஹீட் பி-38 போர்விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து வியந்தது. அந்த வியப்பு 1948-ஆம் ஆண்டின் கேடிலாக் காரின் பின்புறத்தில் சின்னத் துடுப்புகளாக முளைத்து, 1959-இல் உயர்ந்து நிற்கும் கூர்வால்களாக வளர்ந்தது. விமானத்தில் அந்த வாலுக்கு வேலை இருந்தது, காரில் இல்லை. இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்தின் கொராடினோ டஸ்கானியோவும் விமானத்திலிருந்துதான் எடுத்தார். 1930-இலேயே ஹெலிகாப்டரை எழுப்பிக் காட்டிய பொறியாளர் அவர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்கவில்லை என்பதை அவர் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தார்: செயின் எண்ணெய் உடையில் படுகிறது, காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டியிருக்கிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. செயினே வேண்டாமென்று எஞ்சினைப் பின் சக்கரத்தின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார். நடுவில் இருந்த எஞ்சினும் டேங்கும் விலகியதால் கால்வைக்கும் தளம் தானாகக் கிடைத்தது; சேலையோ பாவாடையோ உடுத்தியவரும் ஏறி உட்கார வழி பிறந்தது. முன்சக்கரத்தை இருபக்கமும் கவ்வும் ஃபோர்க்குக்குப் பதிலாக, விமானத்தின் இறங்குசக்கரம் போல ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கினார். அதனால் கார் சக்கரத்தைப் போலச் சில நட்டுகளைக் கழற்றி மாற்ற முடிந்தது. 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட அந்த வண்டிதான் வெஸ்பா. நம் ஊரில் பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டிய தலைமுறை நடுரோட்டில் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அந்த முடிவின் புண்ணியத்தால்தான். எர்ல் விமானத்தின் தோற்றத்தை எடுத்தார், டஸ்கானியோ விமானத்தின் தீர்வை எடுத்தார். இரண்டாவது இரவலுக்கு இறங்குசக்கரம் எப்படிச் சுமை தாங்குகிறது என்ற அறிவு தேவைப்பட்டது. அந்த அறிவைப் படித்துத்தான் பெற முடியும்.

தடையே இல்லாமல் விட்டால் மனம் புதிய இடங்களுக்குப் பறக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் தாமஸ் வார்ட், 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் வேறொரு கோளில் வாழும் உயிரினத்தைக் கற்பனை செய்து வரையச் சொன்னார். பூமியைப் போல இருக்கத் தேவையில்லை. எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடமும் வலமும் ஒத்த உடல், கண்கள், கைகால்கள். சுதந்திரம் கொடுத்ததும் மனம் கையெட்டும் தூரத்தில் இருக்கும் நினைவையே எடுத்து நீட்டியது. வகுப்பறையில் 2050-ஆம் ஆண்டின் காரை வரையுங்கள் என்றால் வருவதும் அதுவே: ஏற்கெனவே பார்த்த ஸ்போர்ட்ஸ் கார், கொஞ்சம் கூர்மையாக. இதற்கு மருந்தாகப் பிரெயின்ஸ்டார்மிங்கை முன்வைக்கிறார்கள். விளம்பரத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1940களிலும் 50களிலும் பரப்பிய முறை அது: குழுவாக உட்கார், யாரையும் குறை சொல்லாதே, எண்ணிக்கையைப் பெருக்கு. ஆனால் 1958-இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் கூடிப் பேசிய நால்வரையும், தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்த தொகுப்பையும் ஒப்பிட்டார்கள். தனித்தனியே யோசித்தவர்களின் தொகுப்புதான் எண்ணிக்கையிலும் தரத்திலும் விஞ்சியது. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதே பெரிய இழப்பு என்று 1987-இல் டீலும் ஸ்ட்ரோபேவும் காட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பட்டறைகளில் வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டுவதையே கருத்துரு உருவாக்கப் பயிற்சி என்று நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் கருத்துரு எங்கிருந்து வருகிறது? நம் சமையலறையிலேயே ஒரு நல்ல விடை நிற்கிறது. ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது நடப்பவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஒரு கை குழவியைச் சுற்றுகிறது. மற்றொரு கை விளிம்புக்கு ஏறிவரும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுகிறது, இடையிடையே தண்ணீர் தெளிக்கிறது. ஆட்டி முடிந்ததும் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு மாவை வழித்தெடுக்க வேண்டும், பிறகு கல்லைக் கழுவ வேண்டும். இதற்கு மோட்டார் வைப்பது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது கையின் வேலையை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுப்பது. அங்கேதான் சிக்கல். குழவி தானும் உருண்டபடி குழியையும் சுற்றிவர வேண்டும். உளுந்தின் அளவுக்கேற்ப ஏறி இறங்க வேண்டும். இதையெல்லாம் மேலிருந்து ஓட்டினால் மோட்டாரும் அதன் கிரீஸும் மாவுக்கு நேர் மேலே தொங்கும். கிரைண்டரை உருவாக்கியவர்கள் குழவியை ஒரு பிடியில் மாட்டி இடத்தில் நிறுத்தினார்கள், உரலைச் சுழலவிட்டார்கள். மோட்டார் கீழே போய்விட்டது, பெல்ட் வழியாக ஓட்டம். குழவி தன் எடையால் அழுந்தி, சுழலும் கல்லோடு உராய்ந்து தானே உருள்கிறது. மாவு தள்ளும் கைக்குப் பதிலாக ஒரு தள்ளுபலகையை அசையாமல் நிறுத்தினால் போதும், மாவு அதைத் தேடி வருகிறது. ஒரே தலைகீழ் மாற்றத்தில் இரண்டு வேலைகள் முடிந்தன. மிச்சமிருந்தது வழித்தெடுப்பதும் கழுவுவதும். அதற்கு உரலையே சாய்க்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது, பின்னர் பாத்திரத்தையே கழற்றித் தூக்கிக்கொண்டுபோகும் டேபிள்டாப் வந்தது. கோவையின் பட்டறைகளில் வளர்ந்து இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கும் இந்தப் பொருளுக்குப் பின்னால் கட்டற்ற கனவு எதுவும் இல்லை. எந்த வேலையை எது செய்கிறது, அதை வேறு எது செய்யலாம் என்ற கேள்வி இருக்கிறது.

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுத்தரலாம். வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதற்கென்றே ஒரு கட்டம்போட்ட அட்டவணையை வகுத்தார். பொருள் செய்ய வேண்டிய வேலைகளை வரிசை வரிசையாக எழுதி, ஒவ்வொரு வரிசையிலும் அதைச் செய்யக்கூடிய வழிகளை அடுக்க வேண்டும். அரைப்பது, தள்ளுவது, வழிப்பது, கழுவுவது என்ற நான்கு வேலைகளுக்கும் மும்மூன்று வழிகள் எழுதினாலே 81 சேர்க்கைகள் கிடைக்கும். பெரும்பாலானவை உதவாதவை, சில ஒருவரும் நினைத்திராதவை. சோவியத் நாட்டில் கென்ரிக் அல்ட்ஷுல்லர் காப்புரிமைகளைக் குவித்துவைத்துப் படித்து, கண்டுபிடிப்பு என்பது பெரும்பாலும் ஒரு முரணைத் தீர்ப்பதுதான் என்று கண்டார்: ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கெடுகிறது, இரண்டையும் காப்பது எப்படி? அவர் தொகுத்த 40 உத்திகளில் அசைவதை நிறுத்தி நிற்பதை அசைப்பதும் ஒன்று. கிரைண்டர் செய்தவர்கள் அவரைப் படித்திருக்கத் தேவையில்லை. பட்டறையில் பட்டறிவாகக் கிடைத்ததை வகுப்பறையில் முறையாகச் சொல்லித்தர முடியும் என்பதற்கு அந்தத் தொகுப்பு சான்று. இத்தகைய முறைகள் இயந்திரத்தனமானவை, படைப்பைக் கொல்பவை என்று சொல்பவர்கள் உண்டு. அட்டவணை தானாக எதையும் படைக்காது என்பது சரி. ஆனால் முதலில் தோன்றியதையே காதலித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாமல் மனத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவது அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது.

இங்கே மேதைகளை எடுத்துக்காட்டுவார்கள். மினி காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் கணிதத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர்; கையில் கிடைத்த காகிதத்தில் கிறுக்கியே ஒரு காரைப் படைத்தார்; அவருக்கு யார் முறை சொல்லிக்கொடுத்தது என்பார்கள். அந்தக் கதையை முழுதாகச் சொன்னால் அது வேறு பக்கம் சாய்கிறது. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லியோனார்ட் லார்ட் சிறிய, ஆனால் முறையான நான்குபேர் கார் வேண்டும் என்றார்; நிறுவனத்திடம் இருக்கிற எஞ்சினைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடும் விதித்தார். காரின் நீளம் ஏறக்குறைய பத்தடி. நால்வர் உட்கார்ந்தால் எஞ்சினுக்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு. ஆகவே எஞ்சின் குறுக்காகத் திரும்பியது. அதன் முனையில் கியர் பெட்டியை வைத்தால் அகலம் தாங்காது. எனவே கியர் பெட்டி எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் குளித்தபடி போய் அமர்ந்தது. சக்கரம் உள்ளே துருத்தாமலிருக்க டன்லப் நிறுவனம் பத்தங்குலச் சக்கரத்துக்கான டயரைச் செய்துகொடுத்தது. சுருள்வில்லுக்கு இடமில்லாததால் அலெக்ஸ் மோல்டனின் ரப்பர் கூம்புகள் வந்தன. ஒவ்வொரு புதுமையின் பின்னாலும் ஒரு நெருக்கடி நிற்கிறது. 1959-இல் வெளிவந்த அந்தக் கார் ஒரு மாலைப்பொழுதின் கிறுக்கலில் பிறந்ததும் இல்லை. நண்பர் ஒருவரோடு 1930களில் தம் கையாலேயே கட்டிய பந்தயக் காரில் இசிகோனிஸ் ரப்பர் சஸ்பென்ஷனைச் சோதித்திருந்தார். 1950களின் தொடக்கத்தில் மோரிஸ் மைனரில் எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் சோதனை வண்டியும் அவர் முயற்சியில் உருவாகியிருந்தது. ஏட்டுக் கணிதத்தில் தோற்றவர் இரும்பிலும் ரப்பரிலும் இருபது ஆண்டுகள் படித்தவர். அந்தக் கிறுக்கல்களில் கையெழுத்துப் போட்டது அந்தப் படிப்பு.

மினி இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. மேதையைக் கொண்டாடுபவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அதே சிக்கலுக்கு இத்தாலியில் டாண்டே ஜியாகோசா வேறு விடை கண்டார். எஞ்சினைக் குறுக்காகவே வைத்து, கியர் பெட்டியையும் அதன் முனையிலேயே வைக்க வழி தேடினார். கிளட்சைச் சுருக்கமாக அமைத்து, இரு சக்கரங்களுக்கும் செல்லும் தண்டுகள் சமநீளமாக இல்லாமல் போவதை ஏற்றுக்கொண்டார். 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் சோதிக்கப்பட்டு, 1969-இல் ஃபியட் 128-இல் நிலைபெற்ற அந்த அமைப்பைத்தான் இன்று நம் தெருக்களில் ஓடும் முன்சக்கர ஓட்டக் கார்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்த மினியின் விடை அந்த அளவுக்குப் பரவவில்லை. அடிப்படை அமைப்பிலேயே வேறுபடும் விடைகளை ஒன்றோடொன்று மோதவிடுவதுதான் கருத்துரு நிலையின் உயிர். முதல் மின்னலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில் அது இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 2010-இல் ஸ்டீவன் டாவும் உடன் ஆய்வாளர்களும் புதியவர்களை இணைய விளம்பரங்கள் வடிவமைக்க வைத்தார்கள். ஒரு பிரிவினர் ஒன்றைச் செய்து, கருத்துக் கேட்டு, திருத்தி என்று வரிசையாகப் போனார்கள். மற்றப் பிரிவினர் பலவற்றைச் சேர்ந்தாற்போலச் செய்து மொத்தமாகக் கருத்துக் கேட்டார்கள். உழைப்பு ஒன்றே. பலவற்றை ஒருசேரச் செய்தவர்களின் விளம்பரங்களே கூடுதலாகச் சொடுக்கப்பட்டன, அவர்களின் யோசனைகளும் ஒன்றையொன்று விலகி நின்றன. ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்ததை விடாமுயற்சியின் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் அவை ஒரே கருத்துருவைப் பக்குவப்படுத்திய மாதிரிகள். கருத்துரு அதற்கு முன்பே வந்துவிட்டது: ஆலைகளில் காற்றைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் சைக்ளோனை வீட்டு அளவுக்குச் சுருக்குவது. அதற்கும் சைக்ளோன் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக வரக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அறிவு கண்ணைக் கட்டிவிடும் என்பது அது. ஜான்சனும் ஸ்மித்தும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகிறது. காருக்கு மேலே சைக்கிள் கட்டும் தாங்கி, பார்வையற்றோருக்கான அளவைக் குவளை, சிந்தாத காபிக் கோப்பை போன்றவற்றை வடிவமைக்கச் சொன்னபோது, ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தவர்கள் அதில் இருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் படங்களில் திரும்ப வரைந்தார்கள். பயிற்சி பெற்ற பொறியாளர்களும் இதற்கு விலக்காகவில்லை. ஆகவே ஒன்றும் தெரியாமல் வருவதே மேல் என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வு காட்டுவது ஒரே ஒரு எடுத்துக்காட்டு செய்யும் கேட்டை. எடுத்துக்காட்டே காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வார்டின் வேற்றுக்கோள் உயிரினங்கள் சொல்லிவிட்டன: மனம் தானாகவே ஓர் எடுத்துக்காட்டைத் தேடிக்கொள்ளும், அதுவும் மிகப் பழகியதையே. டஸ்கானியோ மோட்டார் சைக்கிள் உலகத்துக்கு வெளியாள் என்பது உண்மை. வெறுங்கையோடு வந்த வெளியாள் இல்லை. ஒரு துறையின் பிடியிலிருந்து அவரை விடுவித்தது இன்னொரு துறையின் ஆழ்ந்த அறிவு. மாணவருக்கு ஒரு சைக்கிள் தாங்கியைக் காட்டாதீர்கள். அமைப்பில் முற்றிலும் வேறுபடும் ஐந்தைக் காட்டுங்கள், ஒவ்வொன்றும் எந்த வேலையை எப்படிச் செய்கிறது, எங்கே தோற்கிறது என்று எழுதவையுங்கள். ஏணி, தொட்டில், கதவுக் கீல் என்று தொடர்பில்லாத இடங்களிலிருந்தும் கொண்டுவரச் சொல்லுங்கள். அறிவின் கட்டை அவிழ்ப்பது கூடுதல் அறிவுதான்.

இன்று இந்த விவாதம் அவசரமாகிவிட்டது, மின்வண்டி வந்துவிட்டதால். காரின் முன்னால் நீண்ட பானெட் இருப்பது எஞ்சினுக்காக. பெரிய கிரில் ரேடியேட்டருக்குக் காற்று போவதற்காக. இது தெரியாத மாணவர் மின்காருக்கும் அதையே வரைகிறார். தெரிந்தவரால்தான் அதை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பயணிக்குக் கொடுக்க முடியும். ஸ்கூட்டரில் இன்னும் தெளிவாகத் தெரியும். பேட்டரியைக் கால்வைக்கும் தளத்துக்கு அடியில் வைத்தால் எடை தாழ்ந்து வண்டி உறுதியாக நிற்கும், இருக்கைக்குக் கீழே ஹெல்மெட் வைக்க இடம் கிடைக்கும். ஆனால் ஒன்று தளம் உயரும், இல்லையேல் அடிப்பாகம் தாழும். தளம் உயர்ந்தால் முழங்கால் மடங்கி உட்கார வேண்டும். நம் ஊரில் அந்தத் தளத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேனும் சமையல் சிலிண்டரும் அரிசி மூட்டையும் போகின்றன, அவையும் மேலேறி ஹேண்டிலில் இடிக்கும். அடிப்பாகம் தாழ்ந்தால் தெருமுனையின் வேகத்தடை உரசும், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர் பேட்டரிப் பெட்டியைத் தொடும். இருக்கைக்குக் கீழே வைத்தால் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் வயதானவர் அதைத் தூக்குவாரா என்ற கேள்வி எழும். பேட்டரியை இரண்டாகப் பிரித்தால்? பின்னிருக்கைக்கு அடியில் நீளவாக்கில் நிறுத்தினால்? சிலிண்டரைத் தளத்திலிருந்து எடுத்துப் பின்னால் தொங்கவிட ஒரு தாங்கியே வண்டியின் உடலோடு பிறந்தால்? கேள்விகள் இப்படிப் பெருகும் இடத்தில்தான் கருத்துருக்கள் பெருகுகின்றன. வேகத்தடையின் உயரமும் கேனின் எடையும் தெரியாதவருக்கு இவற்றில் ஒன்றும் தோன்ற வழியில்லை. அவர் எவ்வளவு சுதந்திரமாக இருந்தாலும் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஒரு புதிய கோடுதான் போடுவார்.

திறமை எல்லாருக்கும் ஒன்றுதானா, ஓவியம் தேவையே இல்லையா என்றால், இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. சிலருக்கு இடமும் வடிவமும் கண்ணுக்குள் எளிதாக நிற்கும், அவர்கள் முந்துவார்கள். பாட்டில் அப்படி உண்டு, கணிதத்திலும் உண்டு. அதற்காக அவற்றைக் கற்பிக்க முடியாதவை என்று யாரும் வகுப்பைப் பூட்டுவதில்லை. கைப்படமும் இன்றியமையாதது. வரைந்ததைத் திரும்பப் பார்க்கும்போது வரையும்போது தெரியாத ஒன்று தெரியவரும். டொனால்ட் ஷோன் 1983-இல் வடிவமைப்பாளரின் வேலையைச் சூழலோடு நடத்தும் உரையாடலாக விளக்கியது இதனால்தான். ஆனால் உரையாடுவதற்கு வேண்டியது குறுக்குவெட்டுப் படம், பிரித்துப்போட்ட பாகங்களின் படம், உட்கார்ந்த மனிதரின் உடலளவோடு வரைந்த பக்கப்படம். பளபளக்கும் ரெண்டரிங் பெரும்பாலும் முடிந்த முடிவை விற்பதற்கானது. அதைச் சில நொடிகளில் செய்துகொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது எல்லார் கைபேசியிலும் இருக்கின்றன. கருத்துரு என்பது அழகான படம் என்றே கற்றுக்கொண்ட மாணவருக்கு அவற்றின்முன் சொல்ல ஒன்றும் இருக்காது. பேட்டரி எங்கே, கதவின் கீல் எங்கே, குழந்தையை எப்படி ஏற்றுவது என்று கேட்கத் தெரிந்தவருக்கு அதே கருவி ஒரு பென்சிலைப் போலப் பயன்படும்.

ஆகவே வடிவமைப்புப் பள்ளிகளில் பாடம் வகுப்பவர்களிடம் கேட்பது இது. முதல் பருவத்திலேயே மாணவர் கையில் ஒரு பழைய மிக்சியையும் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லையும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது, அதை வேறு எது செய்யலாம் என்று எழுதவையுங்கள். மதிப்பெண் போடும்போது கடைசிப் படத்தோடு, கைவிட்ட கருத்துருக்களையும் அவற்றைக் கைவிட்ட காரணங்களையும் கேட்டு வாங்குங்கள். நேர்காணலில் கியர் பெட்டியைப் பற்றிப் பேசத் தெரிந்த பிள்ளை கோணலாகப் படம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டை நேராக்கச் சில மாதங்கள் போதும். பட்டறையிலும் வயலிலும் வேலை பார்த்துக்கொண்டு, எனக்குக் கார் வரைய வராதே என்று விண்ணப்பத்தைக் கீழே வைக்கும் மாணவர்களே, உங்கள் வீட்டில் எது பழுதானாலும் நீங்கள் பிரித்துச் சரிசெய்ததைப் படமாகவும் குறிப்பாகவும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விண்ணப்பத்தை அனுப்புங்கள், அந்த நோட்டை நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.